ஓசை அடங்கினால் நோய் அடங்குமா?

ஓசைகளுள் எழுத்தாவன சில, எழுத்தாகாதன பல. இலக்கண நூலார் எழுத்தாகும் ஓசையையே எடுத்துக்கொண்டு, கனைத்தல், சீழ்க்கையடித்தல் முதலியவற்றை ஒதுக்கி வைத்தனர். ஒதுக்கினாரேனும் அவற்றுக்குப் பொருளே இல்லையென்று அவர் சொல்லிற்றிலர். கனைப்பு ஒருவனை அழைக்கும்; இருமல் ஒருவனுடைய நெஞ்சின் நிலையைச் சொல்லும். மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்ப்பதோடு நில்லாது நெஞ்சிற் கருவி வைத்துக் கேட்பதும் அதனாலேயே.

பழைய மோட்டார்க் கார் வைத்திருப்போருக்கு இந்த எழுத்தாகா ஓசை நன்கு பழக்கமானது. எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஒலி எழும். வேகங் கூட்டினால் அதுவும் விரையும். வேகங் குறைத்தால் அதுவும் தளரும். எங்கள் பகுதிக் கராச்சுக்காரர் இதனை 'ரப்பெற் சத்தம்' என்பர். அந்தச் சத்தத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

பண்டிதனுக்கும் ரப்பெற்றுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். உறவு உண்டு. எங்கள் வீட்டில் 1960 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று இன்றும் ஓடுகின்றது. அதன் ரப்பெற்றுக்கள் எட்டும் சென்ற விடுமுறையில் மாற்றப்பட்டன. வேலை நடந்த மூன்று நாளும் யான் அருகில் இருந்து பார்த்தேன். கேட்க வேண்டியவற்றைக் கேட்டும் அறிந்தேன். சத்தத்தை அடக்குதல் வேறு, நோயைத் தீர்த்தல் வேறு என்பது அங்கே எனக்குத் தெளிவாயிற்று. அது கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரிய பாடமன்று.

காரின் குலமும் கோத்திரமும்

மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகின் கண்ணுக்குக் காட்டப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். பின்னர் 1959 இல் 'மினி' என்னும் சிறு காரை உலகுக்குத் தந்தவரும் அவரே. 1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் என்னும் இரு பெருங் கம்பனிகளும் ஒன்றாயின. அதன் பயனாக, ஒஸ்ரின் கம்பனியார் 1951 இல் தம் சிறு காருக்கென ஆக்கியிருந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மொறிஸ் மைனருக்கும் வந்து சேர்ந்தது. 1956 இல் அது 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் பெருகிற்று. 'ஏ வரிசை' என்று பெயர் பெற்ற இந்த எஞ்சின் குடும்பம் 2000 ஆம் ஆண்டுவரை மினிக் காரில் வாழ்ந்தது. மொறிஸ் மைனரோ 1970 களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்குள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்துவிட்டன.

இவ்வளவு பழைய கார் நம் நாட்டில் இன்றும் ஓடுவதற்கு அன்பு மட்டும் காரணமன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960 களிலும் 1970 களிலும் புதிய கார்கள் வருவது அருகிற்று. 1977 வரை உள்ளதைப் பேணிக்கொள்வதே வழியாயிருந்தது. பின்னர் வடபகுதியில் யுத்தம் அந்த வழக்கத்தை நீட்டிவிட்டது. 2020 இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோது, பழைய காருடையார் மட்டும் கவலையின்றி இருந்தனர். அவர்கள் எப்போது புதியதை எதிர்பார்த்தார்கள்!

துலாவும் றொக்கரும்

எஞ்சினுள் நான்கு உருளைகள் உள. ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு வாயில்கள்: காற்றும் பெற்றோலும் கலந்து உட்புகும் வாயில் ஒன்று, எரிந்த புகை வெளியேறும் வாயில் மற்றொன்று. இவ்வாயில்களை அடைத்துத் திறக்குங் கதவுகளே வால்வுகள். ஆகவே வால்வுகள் எட்டு.

இக்கதவுகளைத் திறப்பது யார்? எஞ்சினின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு நீண்ட தண்டு சுழல்கின்றது. அதன் மேல் எட்டு மேடுகள் உள. இம்மேடு காம் எனப்படும், முட்டையின் வடிவினது. ஒவ்வொரு மேட்டின் மேலும் கிண்ணம் போன்ற ஓர் உருக்குத் துண்டு, தனக்குரிய துளையுள் நிமிர்ந்து நிற்கின்றது. அதுவே ரப்பெற். அக்கிண்ணத்துள் ஒரு கம்பி ஊன்றி மேலே செல்கின்றது. எஞ்சினின் தலைப்பகுதியில் றொக்கர் என்னும் நெம்பு இருக்கின்றது. கம்பி றொக்கரின் ஒரு முனையை உயர்த்தினால் மறுமுனை தாழ்ந்து வால்வை அமுக்கித் திறக்கும். மேடு கடந்ததும் வால்வின் சுருள்வில் கதவை மூடிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் துலா மிதிப்பதைக் கண்டோருக்கு றொக்கரை விளக்க வேண்டியதில்லை. ஒரு தலை தாழ மறுதலை உயரும். கிணற்றுத் துலாவுக்கு ஆள் மிதிப்பான். இதற்கு ரப்பெற் மிதிக்கின்றது. வேகந்தான் வேறு. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது காம் தண்டு அதிற் பாதியாக 1500 முறை சுழலும். அப்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூட வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தார் இதற்கு இரு பெயர் வழங்குகின்றனர். தட்டுவது என்னும் பொருள்பட 'ரப்பெற்' என்பர்; தூக்குவது என்னும் பொருள்பட 'லிப்ரர்' என்பர். இரண்டும் காரணப் பெயர்களே. நல்ல நிலையில் இருக்கும்போது அது தூக்குகின்றது. நிலை கெட்டபோது தட்டுகின்றது. ஒரு பொருளின் தொழிலையும் குறையையும் இரு பெயராற் குறித்திருப்பது போலத் தோன்றுகின்றது.

இடைவெளியின் பயன்

றொக்கரின் முனையும் வால்வின் தலையும் ஒட்டிக்கொண்டிருத்தல் கூடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரண்டுக்கும் இடையே 0.012 அங்குலம் விட வேண்டும் என்பது இந்த எஞ்சினுக்கு விதித்த அளவு. ஓரங்குலத்தை ஆயிரங் கூறிட்டு அவற்றுட் பன்னிரண்டு கூறு. மில்லிமீற்றரிற் சொன்னால் ஏறக்குறைய 0.30. பெருவிரல் நகத்தின் தடிப்பளவும் வராத இந்த இடைவெளியிலேயே எஞ்சினின் ஆயுள் தங்கியுள்ளது.

ஏன்? சூடேறினால் உலோகம் நீளும். வால்வும் நீளும். இடைவெளி இல்லையாயின், நீண்ட வால்வை றொக்கர் முற்றாக மூடவிடாது தடுத்துக்கொண்டிருக்கும். புகை வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைத் தான் அமரும் இருக்கையின் வழியாகவே இறக்குகின்றது. நன்றாக அமராத வால்வு சூட்டை இறக்க முடியாது. அதனோடு எரியும் வாயு அந்தச் சிறு பிளவினூடே பீறிட்டுச் செல்லும். சில நூறு மைல்களுள் வால்வின் விளிம்பு கருகித் தேய்ந்துவிடும்.

இடைவெளி கூடினாலும் தீமையே. றொக்கர் வெறுமையிற் சிறிது ஓடி வந்து வால்வின் தலையில் மோதும். அந்த மோதலே தட்டொலி. வால்வு திறக்கும் உயரமும் காலமும் குறையும், பலம் குன்றும், மோதல் நீடித்தால் முனைகள் நசியும். எனினும் இரு தீமையும் ஒரு நிறையின அல்ல. எங்கள் காரைத் திருத்திய முதியவர், எழுபதைத் தாண்டியவர், முதல் நாளே இதனைச் சொல்லிவிட்டார்:

"சத்தம் போடுற ரப்பெற் கெதியிலை எஞ்சினைக் கொல்லாது, மாஸ்ரர். சத்தமே இல்லாததுக்குத்தான் பயப்பிடவேணும்."

ஒரு வாடகைக் காரின் கதை

அவர் சொல்லியதற்கு எங்கள் அயலூரிலேயே உதாரணம் உண்டு. அங்கே மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுபவர் ஒருவர் இருக்கின்றார். கலியாண வீடுகளுக்கு அக்காரையே விரும்பிப் பிடிப்பர். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "கார் நல்ல வடிவு, ஆனால் சத்தந்தான் கடகடவென்று கேட்கிறது" என்று சொல்லிவிட்டார். தொழில் செய்பவருக்கு அந்தச் சொல் உறைத்தது. ஒரு கராச்சிற் கொண்டுபோய்ச் சத்தத்தை நிறுத்தித் தரும்படி கேட்டார். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே செய்து கொடுத்தனர். எட்டு றொக்கர்களின் திருகையும் சத்தம் அடங்குமட்டும் இறுக்கிவிட்டனர். அரை மணி வேலை. கார் பட்டுப் போல ஓடிற்று. அவருக்கும் பெருமகிழ்ச்சி.

ஒரு மாதம் சென்றது. காலையில் எஞ்சினைத் தொடக்குவது கடினமாயிற்று. பின் நால்வர் ஏறினால் இழுக்கவில்லை. பின் ஓர் உருளை வேலையே செய்யாது நின்றது. தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு புகை வால்வின் விளிம்பு எலி கடித்த பனங்கட்டி போல இருந்ததாம். அதன் இருக்கையும் பழுது. அது ஆவணி மாதம். முகூர்த்தங்கள் நிறைந்த காலம். கார் இரண்டு கிழமை கராச்சில் நின்றது. பிடித்த சவாரிகள் பிறருக்குப் போயின. வீட்டுக்காரியின் காப்பு அடைவுக்குப் போயிற்று.

இறுக்கியவர் பொய் வேலை செய்தாரல்லர். கேட்ட பொருளையே கொடுத்தார். கேட்கப்பட்டது ஓசையின் அடக்கம். நோயின் தீர்வு அன்று. நோயைச் சொல்ல வந்த தூதனின் வாயைக் கட்டியதே நடந்தது.

நோய் எங்கே?

தட்டொலி ஒன்றாயினும் அதற்கு இடங்கள் பல. முதலாவது, வெறும் இடைவெளி கூடியிருத்தல். இதற்கு அளவுபடி திருகினாற் போதும்.

இரண்டாவது, றொக்கரின் முனை தேய்ந்து குழிந்திருத்தல். இஃது ஏமாற்றும் நோய். இடைவெளியை அளக்கும் மெல்லிய பீலர் தகட்டைச் செருகினால் அது குழியின் இரு கரைகளிலும் பாலம் போலக் கிடந்து, இடைவெளி சரியென்று சொல்லும். ஆனால் வால்வின் தலையோ குழியினுள் மோதுகின்றது. தகடு பொய் சொல்லவில்லை. குழியின் ஆழம் அதற்குத் தெரியாது. ஆதலின் முனையைத் தேய்த்துச் செப்பஞ் செய்யாமல், அல்லது மாற்றாமல், எத்தனை முறை திருகியும் பயனில்லை.

மூன்றாவது, றொக்கர்கள் கோத்திருக்கும் தண்டும் அவற்றின் உட்குழலும் தேய்ந்திருத்தல். தண்டின் கீழ்ப்புறமே மிகத் தேயும்; சுமை அங்கே விழுவதால் என்க. றொக்கரைக் கையாற் பிடித்து அசைத்தால் ஆட்டந் தெரியும்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது: ரப்பெற்றின் அடிமுகம் கெட்டிருத்தல். இதுவே எங்கள் காரின் நோய்.

அதனை அறிந்த முறையைச் சொல்கின்றேன். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, முதியவர் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினில் வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். மேலே கேட்டார், பக்கத்திற் கேட்டார். பின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு றொக்கரின் கீழும் பீலர் தகட்டைச் செருகினார். தகடு புகுந்ததும் ஒலி நின்றால் நோய் அந்த இடைவெளியில் என்பது கணக்கு. எங்கள் காரில் ஒலி குறைந்ததேயன்றி நிற்கவில்லை. அதன்றி அவ்வொலி சிறிது நேரம் கூடியும் சிறிது நேரம் குறைந்தும் வந்தது. "இது மேலை இல்லை, கீழை" என்றார்.

எஞ்சினை நிறுத்திய பின் இடைவெளிகளை முறைப்படி அளந்தார். மாணவர்க்கு உவப்பான கணக்கு ஒன்று இதில் உண்டு. முன்னிருந்து பின்னாக வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிடுக. எந்த வால்வு முற்றத் திறந்திருக்கின்றதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க. வரும் எண்ணுடைய வால்வையே அப்போது அளக்க வேண்டும். எட்டாவது திறந்திருக்க முதலாவது; ஆறாவது திறந்திருக்க மூன்றாவது. இரண்டுங் கூடினால் எப்போதும் ஒன்பது. எழுத்து வாசனை குறைந்த பையனும் இதனை மறவான்.

மூன்று நாள் வேலை

முதல் நாள், எதையும் கழற்று முன்னர், கம்பி ஒவ்வொன்றும் எவ்வளவு உயர்கின்றது என்று முகப்பளவி கொண்டு அளந்தார். இதுவே யான் நெஞ்சு பதைத்த கட்டம். எட்டும் ஒரே நிகராக உயர்ந்தால் காம் மேடுகள் நலம். ஒன்று தாழ்ந்தாலும் மேடு தேய்ந்துவிட்டது என்பது பொருள். மேடு தேய்ந்தால் காம் தண்டையே மாற்ற வேண்டும். வேலையும் செலவும் பல மடங்காகும். நுழைவாயிலுக்கு உரியவை நான்கும் தம்முள் ஒத்தன. புகைவாயிலுக்கு உரியவை நான்கும் தம்முள் ஒத்தன. முதியவர் தலையசைத்தார். யான் தேநீர் வரவழைத்தேன்.

அடுத்து, தண்ணீரை வடித்தார். ரப்பெற்றை மாற்றத் தண்ணீரை ஏன் வடிக்க வேண்டும்? இந்த எஞ்சினில் றொக்கர்த் தண்டைப் பிடித்திருக்கும் நட்டுக்கள் எட்டு. அவற்றுள் நான்கு, தலைப்பகுதியையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அந்நான்கையும் மட்டும் தளர்த்தினால் தலைப்பகுதி ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் நெகிழ்ந்தும் கோணிவிடும். நீர் உருளைக்குள்ளும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் கசியும். ஆகவே தலைப்பகுதியின் எல்லா நட்டுக்களையும் சிறிது சிறிதாக, முறை மாற்றி, ஒருங்கே தளர்த்த வேண்டும். அவசரக்காரர் தவறும் இடம் இது.

பின் எட்டுக் கம்பிகளையும் உருவி, எண்ணிட்ட எட்டுத் துளைகளையுடைய அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தார். உருவும்போது சிறிது திருகியே உருவினார்; இல்லையேல் எண்ணெயின் பிடிப்பால் ரப்பெற்றும் உடன் எழுந்து தன் துளையை விட்டு விழுந்துவிடும். இனிக் காபரேற்றரும் குழாய்த் தொகுதியும் கழன்றன. அவற்றின் பின்னே எஞ்சினின் பக்கத்தில் இரண்டு தகட்டு மூடிகள். அவற்றைத் திறந்ததும் ரப்பெற்றுக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இக்குடும்பத்திற் பின்வந்த 1275 எஞ்சினுக்கு இந்தப் பக்க மூடிகள் இல்லை. அங்கே ரப்பெற்றை எடுக்கக் காம் தண்டையே முதலில் உருவ வேண்டும். பழையதில் விரலால் எடுத்துவிடலாம்.

எடுத்த எட்டையும் மண்ணெண்ணெயிற் கழுவி வெள்ளைத் துணியின் மேல் எண் வரிசையில் அடுக்கினார். ரப்பெற்றின் அடி தட்டையாகத் தோன்றும்; உண்மையில் அது மிகச் சிறிய குவிவு உடையது. மேட்டின் நடுவும் ரப்பெற்றின் நடுவும் சற்று விலகி நிற்கும். இவ்விரு காரணத்தாலும் மேடு தூக்குந்தோறும் ரப்பெற் தன்னைத் தானே சிறிது சுழற்றிக்கொள்ளும். சுழல்வதனால் தேய்வு ஓரிடத்தில் விழாது பரவும். குவிவு போனால் சுழற்சி நிற்கும்; சுழற்சி நின்றால் ஒரே இடம் அடிபடும்; அங்கே உருக்கின் தோல் பெயர்ந்து குழிகள் விழும்.

ஒரு ரப்பெற்றின் விளிம்பை மற்றொன்றின் அடியிற் குறுக்கே வைத்து வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். குவிவு உள்ளதாயின் ஓரங்களில் ஒளிக்கீற்றுத் தெரியும். எட்டில் இரண்டிலேயே ஒளி தெரிந்தது. மூன்று தட்டையாகியிருந்தன. மற்றைய மூன்றின் அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். சிக்கனத்தை எண்ணி, "மூன்றை மட்டும் மாற்றினாற் போதாதோ, அண்ணை?" என்று கேட்டேன். "குழி விழுந்தது இண்டைக்கு மூண்டு, தட்டையானது நாளைக்கு மூண்டு. இதெல்லாத்தையும் திருப்பிக் கழற்ற உங்களுக்கு விருப்பமோ?" என்றார். வினாவே விடையாயிற்று.

காம் மேடும் ரப்பெற்றும் பற்றி அவர் சொல்லிய விதிகள் மூன்று. நல்ல மேட்டின் மேற் புதிய ரப்பெற் வைக்கலாம். புதிய மேட்டின் மேற் பழைய ரப்பெற் வைத்தலாகாது. பழைய ரப்பெற்றை மீளப் பூட்டுவதாயின் அது முன்பிருந்த மேட்டின் மேலேயே பூட்ட வேண்டும், இடம் மாறலாகாது. ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய இரண்டும் ஓருயிர் போன்றன. யான் வகுப்பில் இரட்டைக்கிளவி கற்பிக்கும்போது 'சலசல' என்பதைப் பிரித்துச் 'சல' என்றாற் பொருளில்லை என்பேன். இரட்டைக்கிளவிக்கு எஞ்சினுள்ளும் உதாரணம் உண்டென்று அன்று கண்டேன்.

இரண்டாம் நாள் புதிய ரப்பெற்றுக்களைப் பொருத்தும் வேலை. இக்காருக்குரிய உதிரிப்பாகங்கள் பிரித்தானியாவில் இன்றும் விற்கப்படுகின்றன. புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். எட்டும் ஒரே அளவு என்று பெட்டியில் எழுதியிருந்தது. முதியவர் அதனை நம்பவில்லை. ஒவ்வொன்றையும் எண்ணெயில் தோய்த்து, துளையின் வாயில் வைத்து, விரலை எடுத்தார். தன் நிறையினாலேயே மெல்ல இறங்க வேண்டும். தொங்கி நின்றாலும் ஆகாது. தொப்பென்று விழுந்தாலும் ஆகாது. ஓரிடத்தில் நின்றது மற்றோரிடத்தில் இறங்கிற்று. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து எட்டுக்கும் எட்டு இடங் காண ஒரு முற்பகல் சென்றது. பிற்பகலில் றொக்கர்களின் முனைகளைச் செப்பஞ் செய்து, தண்டையும் உட்குழல்களையும் மாற்றினார்.

மூன்றாம் நாள் பூட்டினார். அடிமுகங்களிலும் மேடுகளிலும் தடித்த பூச்செண்ணெய் தடவினார். தலைப்பகுதி நட்டுக்களை 40 இறாத்தல் அடி அளவுக்கும், றொக்கர் நட்டுக்களை 25 இறாத்தல் அடி அளவுக்கும், அளவுகாட்டும் சாவியால் முறை மாற்றி இறுக்கினார். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, றொக்கர்களில் எண்ணெய் துளிர்க்கும்வரை எஞ்சினைச் சுழற்றினார். பின்னரே தொடக்கினார். தொடக்கியதும் மெல்ல ஓடவிடவில்லை. நிமிடத்துக்கு 2000 சுழற்சி அளவில் இருபது நிமிடம் ஓட்டினார். காம் மேடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் தெறித்தே கிடைக்கின்றது. மெல்ல ஓடினாற் போதிய எண்ணெய் தெறியாது. புதிய அடிமுகம் மேட்டோடு பழகுவது அந்த இருபது நிமிடத்திலேயே. அதிற் கெட்டது பின் ஒருபோதுந் திருந்தாது. எஞ்சின் ஆறிய பின் இடைவெளிகளை மீண்டும் அளந்து, சில நூறு மைல் ஓடிய பின் மறுபடியும் வரச்சொன்னார்.

தேய்வின் வரலாறு

குழி விழுந்த மூன்றையும் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "இது மண்ணெண்ணெய்க் காலத்து வேலை" என்றார் முதியவர்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் காண்பதற்கு அரிய பொருளாயிற்று. அப்போது எங்கள் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிற் சில துளி பெற்றோல் வைத்திருந்து, தொடக்குவதற்கு மட்டும் அதனை ஊட்டி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களே அதற்கு இசைந்தன. புதியவை முடங்கிய வேளையில் முதியவை நோயாளரை வைத்தியசாலைக்குச் சுமந்தன.

ஆயினும் அதற்கு ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பகுதி உருளைச் சுவரின் வழியே கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலக்கும், எண்ணெய் நீர்த்துப்போம். புதிய எண்ணெயும் அக்காலத்தில் எளிதிற் கிடைத்ததன்று. எஞ்சினுள் மிகக் கடுமையான அழுத்தம் விழும் இடங்களுள் ஒன்று காம் மேடும் ரப்பெற்றும் தொடும் இடம். நீர்த்த எண்ணெய் அங்கே முதலில் தோற்றது. எங்கள் வீட்டுக் காரும் அந்த ஆண்டுகளில் அவ்வாறே ஓடியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் உண்டான காயம் இன்று ஒலியாய் எழுகின்றது. வரலாறு ஏடுகளில் மட்டுமா எழுதப்படுகின்றது?

இக்காலத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. எண்ணெயில் நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைக் கலப்பது நெடுநாள் வழக்கம். மேடும் ரப்பெற்றும் உரசுமிடத்தில் அது காப்புப் படலமாய் நிற்கும். ஆனால் புதிய கார்களிற் புகையைத் தூய்மை செய்யும் கருவியைப் பொசுபரசு கெடுப்பதனால், அதன் அளவைக் குறைத்து வந்தனர். 2004 இல் வந்த எஸ்.எம். என்னும் தரத்தில் மெல்லிய எண்ணெய்களில் அது மேலுங் குறைந்தது. புதிய காருக்கு அது நன்று. தட்டை ரப்பெற் உள்ள பழைய காருக்கு அன்று. விலை கூடிய எண்ணெய் எல்லாம் நல்ல எண்ணெய் என்று எண்ணற்க. பழைய எஞ்சினுக்கென ஆக்கிய தடித்த எண்ணெயைக் கேட்டு வாங்குக.

புதிய ரப்பெற்றும் பழைய செவியும்

பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் இடைவெளியைத் திருகும் வேலையே இல்லை. ரப்பெற்றினுள் எண்ணெய் புகுந்து, தன் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். 1930 ஆம் ஆண்டின் கடிலாக் பதினாறு உருளைக் காரிலேயே இவ்வகை வந்துவிட்டது. இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் தொடக்கும்போது இவை சில நொடி தட்டுவதுண்டு. எண்ணெய் ஏறியதும் அடங்கும். அடங்காதாயின், எண்ணெய் குறைந்ததோ, அழுக்கானதோ, அழுத்தம் தளர்ந்ததோ, ரப்பெற்றுள் தேய்வோ என்று வரிசையாக ஆராய வேண்டும். அங்கும் முதலில் ரப்பெற்றை வாங்க ஓடுபவர் பணத்தை இழப்பர். முதலில் எண்ணெயின் அளவைப் பார்ப்பவர் பிழைப்பர்.

எங்கள் கார் இப்பொழுது முற்றாக ஓசையின்றி ஓடுகின்றதா எனின், இல்லை. தையற்பொறி போன்ற மெல்லிய, ஒழுங்கான ஓர் ஒலி உண்டு. அதுவே அந்த எஞ்சினுக்கு இயல்பு. உரிய இடைவெளி இருப்பதன் அடையாளம் அது. அதையும் அடக்கத் துணிபவர் வால்வை எரிப்பர்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இதிற் சிந்திக்க இடமுண்டு. வகுப்பிற் கேள்வி கேட்டுச் சலசலக்கும் மாணவனை அடக்கிவிடுதல் அரை மணி வேலை. அவன் ஏன் சலசலக்கின்றான் என்று அறிதல் மூன்று நாள் வேலை. அடங்கிய வகுப்பு நல்ல வகுப்பென்று மேற்பார்வையாளர் எழுதிச் செல்வர். எரிவது பின்னரே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதியவரிடம் இன்று தொழில் பழகுவோர் ஒருவருமிலர். இளைஞர் கணினி பூட்டிய கார்களை நாடுகின்றனர். அது காலத்தின் இயல்பு. ஆனால் ரப்பெற் தன் நிறையால் இறங்குவதைப் பார்த்துத் துளையைத் தேரும் கையும், ஒலியைக் கேட்டு இடஞ் சொல்லும் செவியும் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. தமிழில் எழுதப்படவேயில்லை. கல்லூரி மாணவர் இருவர் ஒரு குறிப்பேட்டோடு ஒரு கிழமை அத்தகைய கராச்சில் இருந்தால், அவர் வாயில் வழங்குஞ் சொற்களும் அவர் கையிலுள்ள முறைகளும் ஏட்டில் ஏறும். சொற்களைத் தேடி ஏட்டுச் சுவடிகளை மட்டும் புரட்டும் நமக்கு, எண்ணெய்க் கை படிந்த சொற்களும் சொற்களே.

பழைய காருடைய அன்பர்கள் அதுவரையில் ஒன்றை மனங்கொள்வார்களாக. கராச்சுக்குச் சென்றதும் 'இந்தச் சத்தத்தை நிறுத்தித் தாருங்கள்' என்று கேளாதீர்கள்; 'இந்தச் சத்தம் எங்கிருந்து வருகின்றது?' என்று கேளுங்கள். அவ்வினாவுக்கு விடை சொல்லக்கூடியவர் இன்னுஞ் சிலர் எங்கள் ஊர்களில் இருக்கின்றனர்.